தொட்டிக்குள் ஒரு மந்தை: சிறிய ஊரின் கழிவுநீர் எப்படிச் சுத்தமாகிறது?

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்றதும் பெரும்பாலானோர் மனதில் வருவது ஒரே படம்தான். ஒரு பெரிய வடிகட்டி, அதில் கொட்டும் ஏதோ ரசாயனம், மறுமுனையில் தெளிந்த தண்ணீர். ஊர்க் கூட்டங்களில் பேசுகிறவர்களும் இந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். "மருந்து சரியாகப் போடுவதில்லை, அதனால்தான் நாறுகிறது" என்பார் ஒருவர். "ராத்திரியில் மோட்டாரை நிறுத்தி வைத்தால் கரண்ட் செலவு பாதியாகுமே" என்பார் இன்னொருவர். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான புரிதல்.

அந்தத் தொட்டிகளில் அழுக்கைத் தீர்ப்பது மருந்து இல்லை, உயிர்கள். எண்ணி மாளாத பாக்டீரியாக்கள். அவற்றுக்குத் தீனி வேண்டும், மூச்சுவிடக் காற்று வேண்டும், இனம் பெருக நாள்கள் வேண்டும். நிலையத்தை நடத்துவது கிட்டத்தட்ட மந்தை மேய்ப்பது மாதிரி. இது பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

வடிகட்டி என்ற எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தால், குடிநீர் நிலையத்திலிருந்துதான் என்று தோன்றுகிறது. அங்கே படிகாரம் போன்ற ரசாயனம், மணல் வடிகட்டி, குளோரின் எல்லாம் உண்டு. அது ஏற்கெனவே ஓரளவு நல்ல நீரைக் குடிக்கத் தகுந்ததாக ஆக்கும் இடம். கழிவுநீர் நிலையத்தின் வேலை வேறு: ஊர் பயன்படுத்திக் கழித்த நீரை, ஆற்றுக்கோ நிலத்துக்கோ கேடு வராதபடி திருப்பித் தருவது.

ஆயிரம் லிட்டரில் ஒரு கிலோ

கழிப்பறை, குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம் என்று வீடுகளிலிருந்து பாதாளச் சாக்கடை வழியாக வந்து சேர்வதுதான் கழிவுநீர். பார்க்கக் கறுத்துக் கலங்கியிருக்கும். ஆனாலும் அதில் சுமார் 99.9 சதவீதம் வெறும் தண்ணீர்தான். ஆயிரம் லிட்டரை வற்ற வைத்தால் மிஞ்சுவது ஒரு கிலோ அளவுதான், பெரும்பாலும் அதற்கும் குறைவு. பிரச்சினை முழுக்க அந்த ஒரு கிலோவில் இருக்கிறது.

அதில் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும், அள்ளி எடுத்துவிடலாம். கொஞ்சம் மிக நுண்ணிய துகள்கள். நாள் முழுக்கக் காத்திருந்தாலும் அடியில் படியாது. மீதி நீரில் கரைந்தே போயிருக்கும். சோப்பு கரைத்த நீரைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். துணி நனையும், சோப்பு அப்படியே கீழே இறங்கிவிடும். கழிவுநீர் விஷயத்தில் வடிகட்டி தோற்பது இந்த இடத்தில்தான்.

மீன் ஏன் மூச்சுத் திணறுகிறது?

கழிவுநீர் கலந்த ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தால் "விஷம் கலந்துவிட்டது" என்கிறோம். பல சமயம் நடப்பது விஷம் இல்லை, மூச்சுத் திணறல்.

ஆற்றிலேயே பாக்டீரியாக்கள் உண்டு. கழிவு வந்ததும் அவை அதைத் தின்னத் தொடங்கும். தின்னும்போது நம்மைப் போலவே ஆக்சிஜனை இழுக்கும். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மிகக் கொஞ்சம்: 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் சுமார் 9 மில்லிகிராம்தான் தங்கும். வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டரில் இருப்பதைத் தின்று முடிக்கவோ பொதுவாக 200 முதல் 300 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் கழிவுநீர் இருபது லிட்டருக்கும் மேற்பட்ட ஆற்று நீரின் ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். ஆறு காற்றிலிருந்து ஆக்சிஜனை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும்தான், ஆனால் மெதுவாக. அதற்குள் மீன் தாங்காது.

இந்தத் தேவையை அளக்கும் எண்ணுக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று பெயர், சுருக்கமாக பிஓடி. நீரை ஒரு குப்பியில் அடைத்து, இருட்டில், 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று பார்ப்பார்கள். பிரிட்டனில் கழிவுநீர் பற்றி அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1912-இல் ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது: வெளியேறும் நீர் ஒரு லிட்டரில் பிஓடி 20 மில்லிகிராமுக்கு மேலும், மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது. நூறு ஆண்டுகள் கடந்தும் பல நாடுகளின் விதிகளில் இந்த எண்களின் சாயல் தெரிகிறது.

ஆக, கழிவைத் தின்னும் வேலையை ஆறே செய்யும். ஆனால் தன் மூச்சைக் கொடுத்துச் செய்யும். அதே விருந்தை ஆற்றுக்கு வெளியே, ஒரு தொட்டிக்குள், நாமே காற்றுக் கொடுத்து நடத்தி முடித்துவிட்டால் ஆறு தப்பிக்கும். சுத்திகரிப்பு நிலையம் என்பது இவ்வளவுதான்.

வாசலில் கம்பியும் மணலும்

உள்ளே வரும் நீர் முதலில் கம்பிச் சல்லடையைத் தாண்டும். துணி, பிளாஸ்டிக், குச்சி எல்லாம் அங்கே சிக்கும். அடுத்து ஒரு நீண்ட வாய்க்கால். அதில் நீர் விநாடிக்குச் சுமார் 0.3 மீட்டர் வேகத்தில் போகும்படி அமைத்திருப்பார்கள். அந்த வேகத்தில் கனமான மணல் அடியில் தங்கிவிடும்; லேசான கழிவு மிதந்தபடி போய்விடும். இந்த இரண்டும் நீரைச் சுத்தம் செய்வதற்காக இல்லை. பின்னால் இருக்கும் பம்புகள் அடைக்காமலும் தேயாமலும் இருப்பதற்காக.

பெரிய நகரங்களில் இதற்குப் பிறகு ஒரு படிவுத் தொட்டி இருக்கும். பல சிறிய ஊர்களில் அதை விட்டுவிடுகிறார்கள். அங்கே சேறாகப் படியும், இன்னும் பக்குவப்படாத கசடு கடுமையாக நாறும், அன்றாடம் கையாள ஆள் வேண்டும். சிறிய ஊருக்கு அது கட்டுப்படியாகாது.

மந்தை இருக்கும் இடம்

இப்போது நிலையத்தின் இதயத்துக்கு வருவோம்: காற்றூட்டும் தொட்டி. மேலிருந்து பார்த்தால் பழுப்பு நிறத்தில் கொதிப்பது மாதிரி தெரியும். கொதிப்பு இல்லை, காற்றுக் குமிழி. ப்ளோயர் என்ற காற்றூதி இயந்திரம் தொட்டியின் அடியில் உள்ள ரப்பர் சவ்வுகள் வழியே காற்றைத் தள்ளுகிறது. சவ்வின் சிறு துளைகளில் காற்று பொடிக் குமிழிகளாக உடைந்து மேலே ஏறும். நீரில் லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் ஆக்சிஜன் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள்.

அந்தப் பழுப்பு நிறம் அழுக்கின் நிறம் என்று நினைப்போம். அதுதான் மந்தை. பாக்டீரியாக்கள், அவை தின்பதற்காகப் பிடித்துவைத்திருக்கும் துகள்கள், அவற்றை மேயும் இன்னும் பெரிய நுண்ணுயிர்கள், எல்லாம் சேர்ந்த கலவை. ஒரு பாக்டீரியா தனியாக இருந்தால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும், படியவே படியாது. ஆனால் அவை பசை போன்ற ஒன்றைச் சுரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிறு பஞ்சுத் திரள்களாகின்றன. கண்ணால் பார்க்கலாம். இந்தத் திரள்களின் தொகுதிக்கு முடுக்கிய கசடு என்று பெயர்.

இந்தக் கசடின் அருமை தெரியவந்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரைக் குப்பிகளில் வைத்துக் காற்றூதிப் பார்த்தார்கள். முதல் முறை முழுதும் சுத்தமாக ஐந்து வாரம் ஆனது. அதற்கு முன் பரிசோதித்தவர்களில் பலர் அடியில் தங்கிய கசடைக் கழுவிக் கொட்டிவிட்டார்கள். இவர்கள் கொட்டவில்லை. தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அதே கசடின் மேல் புதிய கழிவுநீரை ஊற்றி மறுபடி காற்றூதினார்கள். நேரம் குறைந்தது. மறுபடி, மறுபடி. கடைசியில் ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. 1914-இல் இதை வெளியிட்டார்கள். விளைச்சலில் ஒரு பங்கை விதைக்கென்று எடுத்து வைப்பவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. வேண்டாத கசடு என்று பலரும் கொட்டியதில் விதை இருந்தது.

நன்றாக நடக்கும் காற்றூட்டும் தொட்டி நாறாது. கிட்டப் போய் நின்றால் ஈர மண்ணின் வாசம்தான் வரும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் எங்கோ ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். காற்றில்லாத இடத்தில் வேறு வகை பாக்டீரியாக்கள் வேலையை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை விடுகின்றன. மருந்து குறைந்ததால் வரும் நாற்றம் இல்லை அது, காற்று குறைந்ததால் வருவது. இந்த வாயு கொல்லும். அளவு கூடினால் மூக்கின் மோப்ப உணர்வையே முதலில் மரத்துப்போக வைக்கும். அதனால் "நாற்றம் போய்விட்டது" என்று நம்பிக் குழிக்குள் யாரும் இறங்கவே கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கழிவில் பெரும்பகுதி வடிகட்டவே முடியாதது. அதை பாக்டீரியாக்கள் தின்று தங்கள் உடலாக்கிக்கொள்கின்றன. கரைந்திருந்த அழுக்கு, படியக்கூடிய பஞ்சுத் திரளாக மாறுகிறது.

தெளிய விடுவது

அடுத்த தொட்டியில் காற்று கிடையாது. அசைவே இருக்கக் கூடாது. இதற்குத் தெளிவுத் தொட்டி என்று பெயர். பஞ்சுத் திரள்கள் மெல்ல அடியில் இறங்கும், மேலே தெளிந்த நீர் விளிம்பைத் தாண்டி வழியும்.

சும்மா நீர் நிற்கும் தொட்டி என்று இதைப் பலர் கவனிப்பதில்லை. என் கணக்கில் நிலையத்தின் பாதி வெற்றி இங்கேதான். ஏனென்றால் அடியில் தங்கியது குப்பை இல்லை, பசித்த மந்தை. அதில் பெரும்பகுதியைப் பம்பு வைத்துக் காற்றூட்டும் தொட்டிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பெருகிய அளவை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் தொட்டி நிரம்பிக் கசடு நீரோடு வழியும். அதிகம் எடுத்தால் தின்ன ஆளில்லாமல் கழிவு அப்படியே கடந்துபோகும். எத்தனை உருப்படி இருக்கிறது, எவ்வளவு தீனி வருகிறது என்று பார்த்து மந்தையைக் கழிப்பதுதான் இயக்குபவரின் அன்றாடக் கலை.

ஒரு குடுவை, முப்பது நிமிடம்

அந்தக் கலைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவை, ஒரு கடிகாரம் போதும்.

காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து, குடுவையில் ஊற்றி, அசையாத மேசையில் வைப்பார்கள். முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு பழுப்புக்குள் சின்னச் சின்னத் திட்டுகள் ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டுவது தெரியும். ஐந்து நிமிடத்துக்குள் மேலே ஒரு கோடு விழும். கோட்டுக்கு மேல் தெளிவு, கீழே பழுப்பு. கோடு மெல்ல இறங்கிக்கொண்டே வரும். இதை முதன்முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது முப்பது நிமிடமும் நான் கண்ணை எடுக்கவில்லை. அதுவரை சேறு என்று நினைத்த ஒன்று, ஒழுங்கோடு நடந்துகொண்டது.

முப்பது நிமிடத்தில் கசடு 250 மில்லிலிட்டர் கோட்டருகே நின்று, மேலே நீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் நல்ல சகுனம். 900-லேயே நின்றுவிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். மந்தை அளவுக்கு மீறிப் பெருகியிருக்கலாம், அல்லது நூல் மாதிரி நீளும் பாக்டீரியாக்கள் பெருகித் திரள்களை அடர்த்தியாக விடாமல் தடுக்கலாம். எது என்று அறிய எளிய வழி உண்டு: பாதிக்குப் பாதி தெளிந்த நீரைக் கலந்து மறுபடி படிய விடுங்கள். நன்றாகப் படிந்தால் கூட்டம் அதிகம். அப்போதும் இறங்க மறுத்தால் நூல்காரர்களின் வேலை.

குடுவையை இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால், சில நாள்களில், படிந்த கசடு மொத்தமாக மேலே எழும்பி வரும். பயந்துவிட வேண்டாம். கழிவில் உள்ள அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவை விடும். அந்தக் குமிழிகள்தான் கசடைத் தூக்குகின்றன. குடுவையில் நடந்தால் பாடம். தெளிவுத் தொட்டியில் நடந்தால் கசடு வெளியே போய்விடும். அங்கே கசடை அதிக நேரம் தேங்க விடக் கூடாது என்பது இதனால்தான்.

அம்மோனியாவை மாற்றும் அந்த பாக்டீரியாக்கள் சோம்பேறிகள் இல்லை, மெதுவாகப் பெருகுபவை. குளிர் வந்தால் இன்னும் மெதுவாகும். கசடை அவசரப்பட்டு அதிகம் வெளியேற்றினால் அவைதான் முதலில் காணாமல் போகும். அம்மோனியா மீனுக்கு நேரடி நஞ்சு என்பதால் இது சின்ன இழப்பு இல்லை.

தெளிந்த நீர் குடிநீர் இல்லை

தெளிவுத் தொட்டியிலிருந்து வழியும் நீர் கண்ணாடி மாதிரி இருக்கலாம். நோய்க் கிருமிகள் அதிலும் இருக்கும். குளோரின் வருவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அரை மணி நேரம் அளவுக்குக் கலந்து நிற்கவிட்டு வெளியேற்றுவார்கள். சில இடங்களில் குளோரினுக்குப் பதில் புற ஊதா விளக்கு. அதன் ஒளி கிருமியின் மரபணுவைச் சிதைத்துப் பெருக விடாமல் செய்கிறது. நீர் கலங்கியிருந்தால் இரண்டுமே தோற்கும், கிருமி துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மந்தை சரியில்லாத நாளில் குளோரினைக் கூட்டிச் சமாளித்துவிடலாம் என்பது நடக்காத காரியம்.

சிறிய ஊரின் தனிக் கஷ்டங்கள்

பெரிய நகர நிலையத்தைச் சுருக்கிக் கட்டினால் சிறிய ஊருக்கு ஆகிவிடும் என்று நினைப்பது தவறு. பெரிய நகரத்தில் நீர் பல மணி நேரம் குழாய்களில் பயணம் செய்து, கலந்து, ஓரளவு சீராக வந்து சேரும். சிறிய ஊரில் காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கிறார்கள். அத்தனை நீரும் உடனே வந்து மோதும். நடு இரவில் சொட்டுச் சொட்டாக வரும். மந்தைக்கு ஒரு வேளை விருந்து, ஒரு வேளை பட்டினி.

அதனால் சிறிய ஊர்களில் நீண்ட காற்றூட்டல் என்ற முறையை விரும்புகிறார்கள். வழக்கமான நிலையத்தில் நீர் நான்கு முதல் எட்டு மணி நேரம் தங்கினால், இதில் ஒரு நாள் அளவுக்குத் தங்கும். பாக்டீரியாக்கள் இருபது முப்பது நாள் வரை மந்தையில் இருக்கும். வயதான, கொஞ்சம் பசியோடு இருக்கும் மந்தை திடீர் மாற்றங்களைத் தாங்கும். தீனி இல்லாதபோது தன் உடலையே கரைத்துக்கொள்வதால் கசடும் குறையும். இடம் நிறைய உள்ள ஊர்களுக்கு இன்னும் எளிய வழி குளங்கள். அங்கே ப்ளோயரே கிடையாது, வெயிலில் பாசி ஆக்சிஜனைத் தருகிறது. பல நாள், வாரக் கணக்கில்கூட நீர் தங்க வேண்டும் என்பதுதான் விலை.

சரி, இரவில் மோட்டாரை நிறுத்தலாமா? கேள்வி முழுக்கத் தப்பு இல்லை. நிலையத்தின் மின்சாரத்தில் பாதி அளவுக்குக் காற்றூதிகளே எடுத்துக்கொள்கின்றன. இரவில் தீனி குறைவு என்பதால் ஆக்சிஜனை அளந்து பார்த்துக் காற்றைக் குறைக்கலாம், விட்டு விட்டும் ஓட்டலாம். சில மணி நேரம் மந்தை தாங்கும். ஒரேயடியாக அணைத்துவிட்டு விடியும்வரை தூங்கினால் காலையில் கறுத்து நாறும் தொட்டிதான் மிஞ்சும். தினமும் அப்படிச் செய்தால் மந்தையே மாறிவிடும்.

மழைநீர் இன்னொரு ஆபத்து. கூரை நீரைச் சாக்கடையில் இணைத்துவிட்ட வீடுகள், உடைந்த மூடிகள், விரிசல் விட்ட குழாய்கள் வழியாக மழை புகுந்தால் வரத்து பல மடங்காகிவிடும். அந்த வேகத்தில் தெளிவுத் தொட்டியில் எதுவும் படியாது, மந்தை வெள்ளத்தோடு ஆற்றுக்குப் போய்விடும். மழை ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். மந்தையை மறுபடி வளர்க்க வாரங்கள் ஆகும்.

அளவு சிறியது என்பதால் ஒரு வீட்டின் செயல்கூட நிலையத்தில் தெரியும். ஈரத் துடைப்பான்களைக் கழிப்பறையில் போட்டால் அவை கரையாது. முறுக்கிக் கயிறாகிப் பம்பின் விசிறியைச் சுற்றிக்கொள்ளும். எண்ணெயும் கொழுப்பும் குழாயில் குளிர்ந்து கல்லாக உறையும். வாளிக் கணக்கில் கிருமிநாசினியைக் கொட்டினால், கிருமியைக் கொல்லும் அது பாக்டீரியாவையும் கொல்லும். நாம் வளர்ப்பதே பாக்டீரியாவைத்தான். வீடுகளின் கழிவுத் தொட்டிகளை உறிஞ்சி வரும் லாரியின் சரக்கில் பிஓடி லிட்டருக்குப் பல ஆயிரம் மில்லிகிராம் இருக்கும். அதை ஒரே மூச்சில் இறக்கினால் மந்தைக்கு அன்றைக்கு ஆக்சிஜன் போதாது. கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

வெளியே எடுத்த கசடு

பெருகிய அளவை வெளியே எடுக்கிறார்கள் என்று சொன்னோம் அல்லவா? அது எங்கும் மறைந்துவிடுவதில்லை. கழிவுநீர் நிலையம் பற்றிப் பேசும்போது எல்லோரும் மறக்கும் பாதி இதுதான்.

வெளியே வரும் கசடிலும் 99 சதவீதம் தண்ணீர். அதைக் கெட்டியாக்கி 98 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் ஏதோ கொஞ்சம் குறைந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அளவு பாதியாகிவிடுகிறது: ஒரு கிலோ திடப்பொருளுக்கு நூறு லிட்டர் இருந்தது, ஐம்பது லிட்டராகிறது. நீரை எடுப்பதற்கு இவ்வளவு பாடுபடுவது இதனால்தான். சிறிய ஊர்களில் பெரும்பாலும் மணல் படுக்கைகளில் பரப்பி வெயிலில் காயவிடுவார்கள். சில நாளில் மேல்பகுதி தோல் மாதிரி இறுகும், பிறகு வெடிப்பு விடும். மண்வெட்டியால் தட்டுத் தட்டாகப் பெயர்த்து எடுக்கலாம். கிருமிகளும் கன உலோகங்களும் வரம்புக்குள் இருப்பதாகச் சோதித்து உறுதி செய்த பிறகே அது நிலத்துக்கு உரமாகப் போக வேண்டும்.

படுக்கையில் மணல் வழியாக வடியும் நீரையும் வெளியே விடுவதில்லை. ஒரு குழாய் அதை நிலையத்தின் வாசலுக்கே கொண்டுபோகிறது. அங்கே புதிதாக வரும் கழிவுநீரோடு சேர்ந்து, கம்பிச் சல்லடையைத் தாண்டி, மறுபடி மந்தைக்குள் நுழைகிறது.